மெய்நிகர் நினைவகமும் கணிப்பொறி விளையாட்டும்

கணிப்பொறியில் விளையாட்டு இடையிடையே தடுமாறி நின்றால், 'மெய்நிகர் நினைவகத்தை இருமடங்காக்கு, வேகம் பெருகும்' என்று மாணவர் ஒருவருக்கொருவர் கூறக் கேட்கிறோம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

ராம் எனும் நினைவகத்தை எழுதும் மேசையாகவும், வன்தட்டை நூலக அலமாரியாகவும் கொள்வோம். மேசை நிறைந்தால் அப்போதைக்கு வேண்டாத ஏடுகளை அலமாரிக்கு அனுப்புகிறோம், வேண்டும்போது மீட்கிறோம். இதனைக் கணிப்பொறி தானே செய்துகொள்வதே மெய்நிகர் நினைவகம். 1962ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அட்லஸ் கணிப்பொறியில் இதனை நடைமுறைப்படுத்தினர். விண்டோஸில் அந்த அலமாரி 'பேஜ் ஃபைல்' என்னும் கோப்பாக இருக்கிறது.

அலமாரியை அகலமாக்கினால் மேசை பெரிதாகிவிடுமா? ஆகாது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி போதும். சுழலும் வன்தட்டுக்கோ சுமார் 10 மில்லி நொடி வேண்டும். இது ஓரிலட்சம் மடங்கு தாமதம்! நொடிக்கு 60 காட்சிகள் ஓடும் விளையாட்டில் ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரமே 16.7 மில்லி நொடிதான். இருமுறை வன்தட்டை நாடினால் அக்காட்சி தவறிவிடும். நாம் காணும் தடுமாற்றங்களுள் ஒருவகை இதுவே. சுழலாத எஸ்.எஸ்.டி. தட்டு இத்தாமதத்தைப் பெரிதும் குறைக்கும். எனினும் நினைவகத்துக்கு ஈடாகாது.

அவ்வாறாயின் அக்கோப்பை நீக்கிவிடலாமே என்பர் சிலர். அது அதனினும் தவறு. விண்டோஸ், நினைவகத்தையும் இக்கோப்பையும் கூட்டிய அளவுக்கே நிரல்களுக்கு இடம் தர ஒப்புக்கொள்கிறது. பெரிய விளையாட்டுகள் பயன்படுத்துவதைவிட மிகுதியாக இடம் கோருவதுண்டு. கோரிக்கை மறுக்கப்படின், நினைவகம் மீதமிருக்கும்போதே விளையாட்டு திடீரென மூடிக்கொள்ளும்.

நினைவகத்தைப் போல ஒன்றரை மடங்கு வைக்க வேண்டும் என்பது 16 மெகாபைட் காலத்துக் கணக்கு; 16 கிகாபைட் உள்ள இயந்திரத்துக்கு அதனை அப்படியே பொருத்த வேண்டியதில்லை. அளவை விண்டோஸின் பொறுப்பிலேயே விடுதல் பெரும்பாலோர்க்கு நலம். தட்டுகள் இரண்டிருப்பின், கோப்பை எஸ்.எஸ்.டி.யில் வைக்க வேண்டும். சுழலும் தட்டு மட்டுமே உள்ளவர்கள் குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் ஒன்றாகவே குறித்துவிட்டால், விளையாட்டின் நடுவே கோப்பு வளர்ந்து இடர் தராது.

பெற்றோரிடம் புதிய கணிப்பொறி கேட்கும் முன், விளையாட்டு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியைப் பாருங்கள். அது நிரம்பி வழிந்தால், பிற நிரல்களை மூடுங்கள். அதன் பின்னும் நிரம்பினால் நினைவகம் மட்டும் கூட்டினால் போதும். பாதிக்குமேல் காலியாக இருந்தால் குறை வேறிடத்தில் உள்ளது. மெய்நிகர் நினைவகத்தைத் தொடவே வேண்டாம்.