சோலார் பம்ப்செட்: எத்தனை யூனிட், எவ்வளவு தண்ணீர்?

‘5 கிலோவாட் பேனல், பகலில் 10 மணி நேரம் வெயில், ஆக தினமும் 50 யூனிட்!’ சோலார் விற்க வருபவர்களில் சிலர் இப்படிக் கணக்குச் சொல்வதுண்டு. உண்மையில் கிடைப்பது சுமார் 20 யூனிட்தான். 50 யூனிட்டை நம்பி வாழையும் மஞ்சளும் போட்டவர்கள் கோடையில் தண்ணீருக்குத் தவிக்க வேண்டியதுதான்.

பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரி வெப்பநிலையில், உச்சிவெயிலுக்கு இணையான ஒளியில் அளந்தது. காலை 7 மணி வெயிலுக்கு அந்த வலு கிடையாது. தமிழ்நாட்டில் நாள் முழுக்க விழும் வெயிலைக் கூட்டினால், சராசரியாக 5 மணி நேர உச்சிவெயிலுக்குத்தான் சமம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சூடு, தூசி, ஒயர், கன்ட்ரோலர் என்று வீணாகிவிடும். மிச்சம், ஒரு கிலோவாட்டுக்குத் தினம் 4 யூனிட். இது ஆண்டுச் சராசரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் இதில் பாதிகூடக் கிடைக்காது.

வெயில் கொளுத்தினால் கரன்ட் கொட்டும் என்பதும் தப்புக்கணக்கு. பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவிகிதம் குறையும். மே மாத மதியத்தில் பேனல் 65 டிகிரி வரை சூடாகும்போது, 16 சதவிகிதம் போய்விடும்.

இனி தண்ணீர்க் கணக்கு. 5 ஹெச்.பி சோலார் பம்ப்செட்டுக்கு வழக்கமாக 4,800 வாட் பேனல் வைப்பார்கள். அதாவது தினம் 19 யூனிட். சுமாரான பம்ப்செட், ஒரு யூனிட்டில் 100 அடியிலிருந்து ஏறத்தாழ 5,000 லிட்டர் இறைக்கும். அப்படியானால் 19 யூனிட்டுக்கு 95,000 லிட்டர். நீர்மட்டம் 300 அடிக்கு இறங்கிவிட்டால், அதே பேனலில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, சுமார் 32,000 லிட்டர். கோடையில் சொட்டுநீரில் ஓர் ஏக்கருக்குத் தினம் 20,000 லிட்டர் என்று வைத்தாலும், ஒன்றரை ஏக்கர்தான் நனையும். அதனால் பேனல் விலையை விசாரிக்கும் முன், சித்திரையில் போர்வெல் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இடம் பார்க்கும்போது தென்னை நிழலைக் கவனிக்க வேண்டும். பேனல்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைக்கப்படுவதால், ஒன்றின் மீது மட்டை நிழல் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி படுத்துவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் நீளும். தெற்குப் பக்கத்து மரத்தை அப்போது பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

தூசியைக் காலையிலேயே கழுவிவிட வேண்டும். மதியச் சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடியில் விரிசல் விடலாம்.

பேனல் மாட்டியதும், மேகமில்லாத நாளில் பகல் 12 மணிக்குப் பம்ப்செட்டை முழு வேகத்தில் ஓடவிட்டு, கன்ட்ரோலர் திரையைப் பாருங்கள். 4,800 வாட் பேனலுக்கு 3,500 வாட்டுக்கும் மேல் காட்ட வேண்டும். அதற்கும் கீழே நின்றால், நிறுவியவர்களை உடனே கூப்பிட்டுக் காட்டுங்கள்.