சிங்கப்பூர் செல்லும் நம்மவர் காண வேண்டியவை

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு அருள்மறை திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. பயணம் வெறும் வேடிக்கையன்று; சிந்திப்பவனுக்கு அதுவும் ஒரு மத்ரஸாவாகும்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரில் பணிபுரிகின்றனர். சிப்காட் தொழிற்பேட்டையில் தொழில் பழகிக் கடல் கடந்தவர்களும் அவர்களில் உண்டு. மகன் அழைத்து, முதன்முறையாக விமானம் ஏறவிருக்கும் பெற்றோர், “ஹஜ்ரத், பத்து நாள் தங்கப் போகின்றோம்; அங்கே எதைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்பதுண்டு. உயர்ந்த கட்டடங்களையும், செந்தோசாத் தீவையும், முஸ்தபா கடையையும் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். அவற்றைக் காண்பதில் குற்றமேதுமில்லை. ஆயினும் அவற்றோடு திரும்பிவிடுவோர், தம் முன்னோரின் வீட்டு வாசல் வரை சென்று உள்ளே நுழையாமல் வந்தவர்களாகவே ஆவர்.

பல ஆண்டுகளுக்கு முன் அடியேன் அங்குச் சென்றிருந்தபோது, அஸர் தொழுகைக்குப் பின் முதியவரான மலாய்க்காரர் ஒருவர் அருகில் அமர்ந்து, எவ்வூர் என்று வினவினார். பழவேற்காட்டுப் பக்கம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ‘புலிகாட்’ என்று ஆங்கிலேயர் வழங்கிய பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. தாம் உடுத்தியிருந்த கட்டம் போட்ட கைலியைத் தொட்டுக் காட்டி, “பெலிக்காட்! பெலிக்காட்!” என்றார். மலாய் மொழியில் அக்கைலிக்கு ‘காய்ன் பெலிக்காட்’ என்றே பெயர். ‘காய்ன்’ என்றால் துணி. ‘பெலிக்காட்’ நம் பழவேற்காடேயாகும். மலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்தித் தொழும் உடையில் நம் ஊரின் பெயர் இருக்கின்றது! அவ்வூரின் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அன்றுவரை தெரியாமற்போனதை எண்ணி வெட்கமுற்றேன்.

இது எவ்வாறு நேர்ந்தது? சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்துக் கீழைத் தீவுகளின் மிளகையும் வாசனைப் பொருள்களையும் பெறுவதே அக்காலத்து வணிகம். மரைக்காயர்களின் மரக்கலங்கள் அவ்வழியே சென்று வந்தன. அத்துணியை நாடித்தான் டச்சுக்காரர்களும் வந்து 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். கோட்டை அழிந்தது, துறைமுகத்தின் சிறப்பும் மறைந்தது. துணியின் பெயர் மட்டும் கடலுக்கு அப்பால் நிலைத்து நிற்கின்றது. ஆகவே, சிங்கப்பூரின் அரபுத் தெருவிலோ, கேலாங் சிராய்ச் சந்தையிலோ ஒரு பெலிக்காட் கைலியை வாங்கி வாருங்கள். இன்று அது வேறு எவ்வூரிலோ நெய்யப்பட்டதாக இருக்கலாம். எனினும் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு வரலாறு இருக்கும்.

அடுத்து, தெலுக் ஆயர் தெருவுக்குச் செல்லுங்கள். இன்று வானளாவிய கட்டடங்களுக்கிடையே இருக்கும் அத்தெரு, கடலைத் தூர்ப்பதற்கு முன் கரையோரமாக இருந்தது. நம்மவரின் கப்பல்கள் வந்தடைந்த இடம் அது. சூலியர் என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அங்கு 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்காவைக் காணலாம். ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் அடங்கியிருப்பது நாகூரிலேயே. இது அவர்கள் நினைவாக எழுப்பப்பட்ட கட்டடமாகும். 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இது, இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திகழ்கின்றது. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசலும் உண்டு. 1827இல் அது ஓலைக் குடிசையாக இருந்தமையால் ‘குச்சுப் பள்ளி’ என்றே பெயர் பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையே சீனர்களின் தியன் ஹொக் கெங் கோயில் இருக்கின்றது. கடலில் உயிர் பிழைத்துக் கரையேறிய இரு சமூகத்தாரும் அடுத்தடுத்து நின்று நன்றி செலுத்திய தெரு அது.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலை. 1826இல் சூலியர் தலைவர் அன்சார் சாகிபு அவர்கள் தோற்றுவித்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் அங்குள்ளது. இப்போதுள்ள கட்டடம் 1830களில் எழுந்தது. அதனைச் சற்று ஊன்றிப் பாருங்கள். வாயிலும் மினாராக்களும் சாலையை ஒட்டி நிற்க, தொழுமிடம் மட்டும் கோணலாகத் திரும்பியிருக்கும். கோணல் பள்ளிக்கன்று, சாலைக்கே! தெரு எப்படிச் சென்றாலும் நாம் கிப்லாவை நோக்கியே நிற்போம் என்று உறுதி கொண்டனர் அப்பெருமக்கள். பொருள் தேடிப் புலம்பெயர்ந்த எவர்க்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேறுண்டோ? ஜும்ஆ நாளாயின் அங்கே தமிழில் குத்பாப் பேருரையைக் கேட்கலாம்.

கம்போங் கிளாமிலுள்ள சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தை அனைவரும் படம் பிடிப்பர். அக்குவிமாடத்தின் அடியில் கரிய வளையமொன்று தெரியும். அவை கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். 1924இல் புதிய கட்டடப் பணி தொடங்கியபோது, செல்வர்கள் பொன்னும் பொருளும் தந்தனர். ஏழைகளுக்கும் பங்கு வேண்டுமென்று அவர்கள் கொடுத்த புட்டிகளைச் சேர்த்து அங்கே பதித்தனர். பொன்னைத் தாங்கி நிற்பது ஏழையின் புட்டியே என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எதிரே, 1908 முதல் நடைபெறும் ஸம்ஸம் உணவகத்தில் முர்தபா உண்டு களைப்பாறலாம்.

டன்லப் தெருவிலுள்ள அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பில் கதிரவன் வடிவம் ஒன்றுண்டு. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் திருப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பழவேற்காடு சின்னப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரத்தைக் கண்ட நம்மவர்க்கு அது நெருங்கிய உறவாகத் தோன்றும்.

அப்பள்ளியிலிருந்து வெளிவந்தால் சிராங்கூன் சாலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே செல்லுங்கள். வாரமெல்லாம் உழைத்த நம் நாட்டுத் தொழிலாளர்கள் அன்றுதான் கூடுவர். உங்கள் ஊர்ப்பிள்ளை எவரேனும் இருப்பின், புறப்படுமுன் அவருடைய தாயாரிடம் சென்று, “மகனுக்கு ஏதும் தர வேண்டுமா?” என்று கேளுங்கள். அவர் தரும் பொட்டலத்தை அமானிதமாகக் கொண்டுபோய் அவர் கையில் சேருங்கள். ஒரு வேளை உடன் அமர்ந்து உண்ணுங்கள். அந்நகரில் நீங்கள் காணும் எந்தக் காட்சியும் அப்பிள்ளையின் முகமலர்ச்சிக்கு ஈடாகாது.

இறுதியாகத் தொழுகை பற்றி ஒரு சொல். பயணத்தில் நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஃபஜ்ரும் மஃரிபும் சுருங்கா. ஆனால் ஓரூரில் தங்க நாடினால் சட்டம் மாறும். போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க எண்ணியவர் ஷாஃபிஈ மத்ஹபின்படியும், 15 நாள்கள் தங்க எண்ணியவர் ஹனஃபி மத்ஹபின்படியும் முழுமையாகவே தொழ வேண்டும். அங்கு நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதையும் மறவற்க.

பயணத்தின் தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்துள்ளார்கள். திரும்பி வந்தபின் ஒருநாள் பழவேற்காட்டுக்கும் சென்று வாருங்கள். கரையில் நின்று, கப்பலேறிய அந்த முன்னோருக்காக துஆச் செய்யுங்கள். அவர்களில் கரை சேர்ந்தோரும் உண்டு, சேராதோரும் உண்டு. அவர்கள் அனைவர் மீதும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.