பழுதான மடிக்கணினியைக் கைவிடுமுன்...

மடிக்கணினி ஒன்று பழுதாகிவிட்டால் நம் இல்லங்களில் என்ன நடக்கிறது? மூன்று நாள் மேசையின்மீது கிடக்கும். "பழுது பார்ப்போம்" என்பார் ஒருவர். "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்பார் மற்றொருவர். ஈற்றில் அது அலமாரியின் மேல்தட்டில் ஏறித் தூசி படிந்து கிடக்கும். எங்கள் இல்லத்தில் அதைவிடக் கேடாக ஒன்று நடக்கவிருந்தது.

ஓரிரவு என் மகனின் கை பட்டு, ஒரு குவளைத் தேநீர் முழுவதும் விசைப்பலகையில் கொட்டிவிட்டது. திரை ஒருமுறை மின்னி அணைந்தது. மறுநாள் கடைக்கு எடுத்துச் சென்றேன். பிரித்துப் பார்த்த கடைக்காரர், "மதர்போர்டு போய்விட்டது. மாற்றுவதற்கு 9,000 ரூபாய் ஆகும். இப்படியே கொடுத்தால் 1,500 தருகிறேன்" என்றார். ஒன்பதாண்டுப் பழைய பொருள். வந்தவரை இலாபம் என்று எண்ணினேன். மறுநாள் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி வீடு திரும்பினேன். செய்தியைக் கேட்ட என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாமாவுடைய குரல் அதற்குள்தானே இருக்கிறது?"

மறைந்த என் வாப்பா தம் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசியதை, நோன்பு மாதத்து மாலை ஒன்றில் பதிவு செய்து வைத்திருந்தோம். அதற்கு வேறெங்கும் படியில்லை. மகளின் திருமணப் படங்கள், வங்கி விவரங்கள், பாஸ்போர்ட் நகல்கள் யாவும் அதனுள்தான் இருந்தன. இவையனைத்தையும் முன்பின் அறியாத ஒருவரிடம் 1,500 ரூபாய்க்கு ஒப்படைக்க இருந்தேன்!

பழுது பார்ப்பதா, விற்பதா, எறிவதா என்று நாம் கேட்கிறோம். அதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே சேமித்து வைத்தவை என்னவாயின? கூரை ஒழுகுகிறது என்பதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் நகையோடு சேர்த்து வீட்டை விற்பவர் உண்டா? மடிக்கணினியும் அத்தகையதே. மதர்போர்டு எரிந்துபோனாலும், நம் கோப்புகள் தங்கியிருக்கும் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் நலமாகவே இருக்கும். பழைய கணினிகளில் அது உள்ளங்கையளவுள்ள ஒரு சிறு பெட்டி. புதியவற்றில் விரல் நீளமுள்ள ஒரு மெல்லிய அட்டை. நான்கைந்து திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதைப் பொருத்திக்கொள்ள யு.எஸ்.பி. கம்பியுடன் கூடிய உறைகள் கிடைக்கின்றன. பழைய வகைக்குச் சில நூறு ரூபாய்தான் விலை. ஒரு வகைக்கான உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆதலின் கழற்றிய டிஸ்க்கைக் கடைக்கே எடுத்துச் சென்று காட்டி வாங்குங்கள். வேறொரு கணினியில் அதனைச் செருகிய மாத்திரத்தில் கோப்புகள் தெரியும்.

இதற்கு விலக்குகள் இரண்டு. அண்மை ஆண்டுகளின் ஆப்பிள் மடிக்கணினிகளிலும் மிக மெல்லிய சிலவற்றிலும் சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தனியே கழற்ற இயலாது. அங்கே போர்டுக்கு உயிர் கொடுத்தால்தான் கோப்பு கிடைக்கும். ஆகவே அந்தச் செலவைக் கணினிக்கான செலவாகக் கருதாமல், கோப்புகளுக்கான விலையாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றொன்று பூட்டு. புதிய விண்டோஸ் கணினிகள் பல, நாம் கேளாமலேயே டிஸ்க்கை 'பிட்லாக்கர்' என்னும் பூட்டினால் பூட்டிவிடுகின்றன. அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி தேவை. கணினியை முதன்முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கக்கூடும். கைபேசியிலிருந்தே அந்தக் கணக்கினுள் நுழைந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினி நலமாக இருக்கும்போதே இதனைச் செய்துவிடுவது இன்னும் நல்லது.

கோப்புகளைக் காத்துக்கொண்ட பின்னர், இனிப் பழுதைப் பற்றிப் பேசலாம். திரை உடைந்ததா, விசைப்பலகை போயிற்றா, பேட்டரி தளர்ந்ததா? இவையெல்லாம் உதிரிப் பாகங்கள். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மதர்போர்டுதான் சிக்கல். இங்கே ஒரு கடையின் சொல்லை முடிவாகக் கொள்ளாதீர்கள். "போர்டு போய்விட்டது" என்பதற்கு, "போர்டில் எந்தச் சில்லு போயிற்று என்று தேட எனக்கு நேரமில்லை" என்ற பொருளும் உண்டு! சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஒற்றைச் சில்லை மட்டும் மாற்றித் தரும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 'சிப் லெவல்' வேலை என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு, அது வேண்டாம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

தேநீர் கொட்டிய இரவில் நாங்கள் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எரிகிறதா என்று பார்க்க மூன்று முறை பொத்தானை அழுத்தினோம். ஈரத்தினூடே மின்சாரம் ஓடியதால்தான் சேதம் பெருகியது. சார்ஜரைப் பிடுங்கி, பொத்தானை அழுத்திப் பிடித்து முற்றாக அணைத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. தேநீரிலுள்ள சர்க்கரையையும் பாலையும் அரிசி உறிஞ்சிவிடாது.

இரண்டாவதாக நாங்கள் பார்த்தவர், 3,500 ரூபாயில் சரிசெய்து பார்ப்பதாகச் சொன்னார். எனினும், சில்லுகளுக்கு அடியில் அரிப்பு ஏறியிருப்பதால் எத்தனை நாள் ஓடும் என்று உறுதி கூற இயலாது என்றும் நேர்மையாகச் சொன்னார். எவ்வளவு கொடுத்து வாங்கினோம் என்பதை இந்த இடத்தில் மறந்துவிட வேண்டும். அதே வயதுடைய, ஓடுகின்ற பழைய கணினி இன்று என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதே அளவுகோல். பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் தயங்குவேன். எங்கள் கணினியில் கீலும் முறிந்திருந்தது. பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க அதற்கு வயது கடந்துவிட்டது. ஓடும் நிலையிலிருந்தால் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொண்டிருப்பேன். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகள் வைத்திருப்போரும் இவ்வழியை எண்ணிப் பார்க்கலாம். ஓடாததற்கு 3,500 செலவிட மனம் ஒப்பவில்லை.

விற்கலாமா? தாராளமாக விற்கலாம், குறையைச் சொல்லி. தேநீர் கொட்டியதை மறைத்து, "இலேசான சார்ஜிங் கோளாறு" என்று விற்ற காசு வீட்டுக்கு ஆகாது என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழுதாக விற்பதைவிடத் திரை, ரேம், சார்ஜர் என்று பிரித்துக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கக்கூடும். எங்களுக்கு அப்படி 2,600 ரூபாய் வந்தது. டிஸ்க்கோடு விற்பதானால், கோப்புகளை அழித்ததோடு நின்றுவிடாதீர்கள். அழித்தவை மறைந்திருக்குமேயொழியப் போய்விடுவதில்லை. மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. விண்டோஸை மீட்டமைக்கும்போது எல்லாவற்றையும் நீக்கி டிரைவைத் துப்புரவு செய்யும் தெரிவு ஒன்று உண்டு. மணிக்கணக்கில் ஆனாலும் அதையே தேர்ந்தெடுங்கள். கணினி ஓடாவிட்டால் டிஸ்க்கை விற்கவே வேண்டாம். நம் பெண்மக்களின் படங்கள் எவர் கைக்கோ போவதைவிட, அது நம் பீரோவில் கிடப்பது மேல்.

எஞ்சியதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. குறிப்பாகப் பேட்டரியை! உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் செய்யவும் கூடாது. லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பற்றும். நாம் எறியும் பலகைகள் எங்கே போகின்றன? தில்லியின் சீலம்பூரிலும், உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத்திலும் ஏழை மக்கள் வீட்டு முற்றங்களில் அவற்றை எரித்தும், அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் பொன்னும் பிரித்தெடுத்தனர். அந்தப் புகையைக் குழந்தைகளும் சுவாசித்தார்கள். மின்கழிவு மேலாண்மைக்கென 2022-இல் வகுக்கப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பாவர். வாங்கிய நிறுவனத்தின் சேவை மையத்திலோ, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கேட்டால் பெற்றுக்கொள்வார்கள்.

எங்கள் கணினியின் வெற்றுக் கூட்டையும் பேட்டரியையும் அவ்வாறே தனித்தனியாக ஒப்படைத்தேன். டிஸ்க் இப்போது 450 ரூபாய் உறையொன்றில் இருக்கிறது. வாப்பாவின் குரலை மூன்று படிகள் எடுத்தோம்: ஒன்று என்னிடம், ஒன்று மகளிடம், ஒன்று சவூதியிலிருக்கும் தம்பியிடம். நாற்பத்திரண்டு நிமிடப் பதிவு. நடுவில் உம்மா கஞ்சிக்கு அழைக்கும் குரலும் அதில் கேட்கிறது.