சுற்றிப் போனால் மலிவு, நேரே போனால் கூடுதல்!

சரக்கு அதிக தூரம் வந்தால் லாரி வாடகை கூடும். வழியில் இறக்கி ஏற்றினால் கூலியும் சேரும். இது நாம் அறிந்த கணக்கு. விமானக் கட்டணம் மட்டும் இதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று வெளிநாட்டுக் கொள்முதலுக்குப் போய்வரும் வணிகப் பெருமக்கள் பலர் வியக்கிறார்கள்.

விமான நிறுவனங்கள் தூரத்தை மட்டும் வைத்து விலை போடுவதில்லை. புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் இடையே உள்ள போட்டியையும் பார்க்கின்றன. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரே போகும் விமானம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அவசரக்காரர் அதற்குக் கூடுதல் பணம் தருவார். துபாய், தோஹா வழியாக அழைத்துப் போகும் நிறுவனம் அதே பயணியை இழுக்க விலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. விமானம் கிளம்பிய பிறகு காலி இருக்கை, விற்காமல் அழுகிய தக்காளிதான்.

ஐரோப்பாவில் இது வழக்கு வரை போயிற்று. 2016-ல் ஒரு பயணி நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போய்வர லுப்தான்சாவில் டிக்கெட் எடுத்தார். பிராங்க்பர்ட் அந்த நிறுவனத்தின் கோட்டை. ஓஸ்லோக்காரரை இழுக்கத்தான் விலையைக் குறைக்க வேண்டும். அந்தப் பயணி திரும்பும்போது பிராங்க்பர்ட்டோடு நிறுத்திக்கொண்டு, ஓஸ்லோ விமானத்தில் ஏறவில்லை. நிறுவனம் 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது.

அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் வீசியது. இப்படிப்பட்ட டிக்கெட்டுகளைத் தேடித் தரும் ஸ்கிப்லாக்டு நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்சுக்கு 94 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் டெக்சாஸ் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். நிறுவனச் சின்னத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதும் அதில் ஒரு குற்றம்.

ஆளுக்கும் ஊருக்கும் தக்கபடி விலை வைப்பது விற்பவர் உரிமை. நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் முழு மூட்டைக்கும் பணம் கொடுத்தவர் பாதியை விட்டுப் போனால், அவரிடம் மேலும் பணம் கேட்பது எந்தக் கடைத்தெருவின் நியாயம்?

எனினும் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு விமானத்தை விட்டால் பெரும்பாலும் மீதிப் பயணம் முழுவதும் ரத்தாகும். பெட்டியும் கடைசி ஊருக்கே போகும். மாறிப் போவதானால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பொதுவாக நட்டம் நம்முடையதே. மிச்சமாகும் தொகையோடு, கடை பூட்டிக் கிடக்கும் ஒரு நாளின் வியாபாரத்தையும் கணக்கில் எழுதிப் பாருங்கள். அதன்பின் டிக்கெட் எடுங்கள்.