பேஸ் கிட்டார் வாங்கும் முன் ஆலயத்தின் அகலத்தை அளந்து பாருங்கள்

ஆலயப் பாடல் குழுவில் சேர விரும்பும் இளைஞர்களில் பலர் முதலில் கேட்பது கிட்டார். அடுத்தது டிரம்ஸ், அதற்கும் அடுத்தது கீபோர்டு. நான்கு தடித்த கம்பிகள் கொண்ட பேஸ் கிட்டார் பல இடங்களில் மேடை ஓரத்தில் உறைக்குள்ளேயே கிடக்கும். அதனால்தான், ஓரளவு தாளம் தெரிந்த மாணவருக்குக் குழுவில் விரைவாகக் கிடைக்கக்கூடிய இடமும் அதுவாக இருக்கிறது.

இடம் கிடைத்த கையோடு, எதை வாங்குவது என்ற கேள்வி வந்துவிடும். யூடியூப்பில் பெரிய மேடைகளில் வாசிப்பவர்களின் ஐந்து கம்பி பேஸ் கண்ணைப் பறிக்கும். பள்ளி விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கையில் இருக்கும். போதாததற்கு, இப்போது வாங்கிப் பிறகு தவணையில் கட்டலாம் என்று கைப்பேசிச் செயலியும் ஆசை காட்டும். மாணவர்களே, பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ் கிட்டாரின் வேலை என்ன? அது ஒலிக்கப்போகும் அறை எப்படிப்பட்டது? இவற்றுக்கு விடை கிடைத்தால் வாங்க வேண்டிய பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

அடிக்குரலின் வேலை

பிரிக்பீல்ட்ஸில் பாத்திமா மாதா ஆலயம், சீயோன் லூத்தரன் ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் ஆலயம், கிள்ளானில் லூர்து மாதா ஆலயம் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடிப் பாடும் இடங்கள் பல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியமும் தபேலாவும் துணை நின்றன. ஞானப்பாட்டுகளுக்கு ஆர்கன் இசைத்தபோது, காலால் அழுத்தும் விசைகளே கீழ்ச் சுரங்களைத் தாங்கின. இன்று பேஸ் கிட்டார் செய்வதும் அந்தக் கால் விசைகளின் வேலையைத்தான்.

அது என்ன வேலை? பாட்டு எந்தச் சுரத்தில் நிற்கிறது, அடுத்த அடி எப்போது விழப்போகிறது என்ற இரண்டையும் சபையாருக்குச் சொல்லாமல் சொல்வது. மேடையில் பாடுபவர்கள் நால்வர் என்றால், எதிரே பாடுபவர்கள் இருநூறு பேர். அவர்களில் பலருக்கு இசைப் பயிற்சி கிடையாது. பேஸ் உறுதியாக நின்றால் அவர்கள் தயங்காமல் பாடுவார்கள். பேஸ் தடுமாறினால் காரணம் தெரியாமலேயே அவர்களின் குரல் தணிந்துவிடும்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாடலை நல்ல ஹெட்போனில் போட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். இளையராஜாவின் இசையில் பேஸ் எப்படி நடமாடுகிறது என்பது தெரியும். ஆனால் அது ஒருவர் பாடுவதற்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யப்பட்டது. கூட்டமாகப் பாடும் இடத்தில் அத்தனை நடமாட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் அதன் மூலச் சுரம், டிரம்ஸின் கால் அடியோடு ஒட்டிய நேரம், பாட்டு அடங்கும் இடத்தில் முழு மௌனம் ஆகிய மூன்றும் போதும். கீர்த்தனைக்குத் தபேலா வாசிக்கப்படும்போது இன்னும் கவனம் தேவை. தபேலாவின் இடக்கைப் பாகமும் தாழ்ந்த ஒலியைத்தான் தருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உருண்டால் எதுவும் கேட்காது. அங்கே பேஸ் நீண்ட சுரங்களாக நின்று வழிவிட வேண்டும்.

இயற்பியல் பாடம் சொல்லும் ரகசியம்

நான்கு கம்பி பேஸின் கம்பிகள் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண்கள் ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். படிவம் 4 இயற்பியலில் படித்த சூத்திரத்தை நினைவுபடுத்துங்கள்: வேகம் என்பது அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வருவது. காற்றில் ஒலியின் வேகம் நம் நாட்டு வெப்பநிலையில் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். அதை 41ஆல் வகுத்தால் 8.4 மீட்டர் வரும். அதாவது, அடிக்கம்பியின் ஒரே ஓர் அலை உங்கள் வகுப்பறையின் நீளத்தை எட்டிவிடும்.

இப்போது கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சபையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கடைவீடுகளில் 20 அடி அகலம் என்பது சாதாரண அளவு. அது சுமார் 6.1 மீட்டர். 345ஐ 6.1ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 57. அந்த அதிர்வெண்ணில் ஒலி இரு சுவர்களுக்கும் இடையே மோதி ஒத்ததிர்வை உண்டாக்கும். பேஸின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த ஃப்ரெட் 58. ஆக, அந்த அறையில் ஏ கம்பியைத் தொட்டாலே 'பூம்' என்று வீங்கும். சுவர் ஓரத்திலும் நடுவிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அதிகமாகக் கேட்கும். சுவரிலிருந்து அகலத்தின் கால் பங்கு தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்கோ அதே சுரம் மெலிந்து போகும்.

"தம்பி, பேஸைக் கொஞ்சம் குறைப்பா" என்று ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருக்கும் அண்ணன் சொல்வதும், "ஐயோ, எனக்கே கேட்கவில்லையே அண்ணா" என்று வாசிப்பவர் பதில் சொல்வதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை. அவர்கள் நிற்கும் இடங்கள்தான் வேறு. இதை விலை உயர்ந்த கிட்டார் தீர்க்காது. ஒலிபெருக்கியை அறையின் மூலையிலிருந்து நகர்த்தினால் வீக்கம் தணியும். மிக்சரில் அந்தக் குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் குறைக்கலாம். அதே சுரத்தை வேறு கம்பியில் அழுத்தி வாசித்து, விரலால் சீக்கிரம் அடக்கலாம். இவை எதற்கும் காசு செலவில்லை.

எதை வாங்குவது?

முதல் கிட்டாருக்கு நான்கு கம்பிகள் போதும். 'பாடகர் சுருதியை டி-க்கு இறக்கிவிட்டார், கீழ்ச் சுரம் இல்லை' என்று சிலர் உடனே ஐந்து கம்பிக்குத் தாவுவார்கள். ஈ கம்பியை டி வரை தளர்த்தினாலே அந்தக் கீழ்ச் சுரம் கிடைத்துவிடும். ஐந்தாவது கம்பியின் 31 ஹெர்ட்ஸைச் சிறிய ஒலிபெருக்கிகளால் சரியாக ஒலிக்கவும் முடியாது.

யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174, இபனெஸ் ஜி.எஸ்.ஆர். வரிசை, ஸ்குவையர் அஃபினிட்டி, கோர்ட் ஆக்‌ஷன் ஆகியவை தொடக்க நிலையில் பெயர் பெற்றவை. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, சரியாகச் சீரமைத்த கிட்டாருக்கும் சீரமைக்காத கிட்டாருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கம்பி உயரம், கழுத்தின் வளைவு, சுருதிச் சுத்தம் ஆகிய மூன்றையும் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். கையில் 1,000 ரிங்கிட் இருந்தால் முழுவதையும் கிட்டாருக்கே கொட்டிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைச் சீரமைப்புக்கும், புதுக் கம்பிகளுக்கும், டியூனருக்கும், நல்ல கேபிளுக்கும், அகலமான தோள்பட்டைக்கும் ஒதுக்குங்கள். பேஸ் கிட்டார் சுமார் 4 கிலோ எடை இருக்கும். ஒன்றரை மணி நேர ஆராதனையில் மெல்லிய பட்டை தோளை அறுத்துவிடும்.

'முடா', 'கேரோசல்' தளங்களில் பழைய கிட்டார் வாங்குபவர்கள் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில் மெல்லிய அட்டை நுழையும் அளவுக்கு மட்டுமே இடைவெளி இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்து, எங்கேயாவது கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். திறந்த கம்பியின் சுரமும் 12ஆவது ஃப்ரெட்டின் சுரமும் டியூனரில் ஒரே எழுத்தைக் காட்ட வேண்டும். ஒலிக்குமிழ்களைத் திருப்பும்போது சடசடவென்று சத்தம் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 9 வோல்ட் பேட்டரி போடும் வகை என்றால், மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆம்ப் தேவையா?

கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து போகும் மாணவரால் கிட்டாரைச் சுமக்க முடியும். ஆம்பைச் சுமக்க முடியாது. அவசியமும் இல்லை. வீட்டுப் பயிற்சிக்கு ஹெட்போன் பொருத்தும் சிறு கருவி போதும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆலயத்தில் உங்களுக்கு வேண்டியது டி.ஐ. பெட்டி. கிட்டாரின் வலுவற்ற மின் சைகையை மிக்சர் ஏற்கும் வகைக்கு மாற்றி, நீண்ட கேபிளிலும் இரைச்சல் சேராமல் அனுப்புவது அதன் பணி. பல ஆலயங்களில் அது ஏற்கெனவே இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள். சாதாரண கிட்டார் ஆம்பில் மட்டும் பேஸைச் செருகி உரக்க வாசிக்காதீர்கள். அதன் ஒலிபெருக்கி கிழிந்துவிடலாம்.

டி.ஐ. வழி என்பது வசதியில்லாதவர்களின் வழி அல்ல. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தம் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை நேரடியாக ஒலிப்பதிவு மேசையில் இணைத்தே பதிவு செய்தார். வலக்கையில் அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் ஹாஃப்னர் வயலின் பேஸை வாங்கியதற்கு முக்கியக் காரணம், ஃபெண்டர் அவர் கைக்கு எட்டாத விலையில் இருந்ததுதான். இடக்கையால் திருப்பிப் பிடித்தாலும் அதன் வடிவம் விகாரமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

நம் ஊர் ஈரப்பதம்

வாங்கிய பிறகு பராமரிப்பும் உண்டு. நம் நாட்டு வியர்வையும் ஈரக்காற்றும் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்; கழுத்து வளையும். உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஆலயத்தில் உறைக்குள் கிடக்கும் அந்தப் பழைய பேஸை மூன்று மாதங்களுக்குக் கேட்டு வாங்குங்கள். புதுக் கம்பி மாட்டி, தினமும் 20 நிமிடம் மெட்ரோனோமோடு பயிற்சி செய்யுங்கள். வாரம் மூன்று பாடல்களை மனப்பாடமாக்குங்கள். ஒத்திகையில் டிரம்ஸ் வாசிப்பவரின் வலக்காலைப் பார்க்கும்படி நில்லுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால், உங்களுக்கு எது தேவை என்பது அதற்குள் உங்கள் கைக்கே தெரிந்திருக்கும். அப்போது வாங்குங்கள், தவணையில் வேண்டாம், சேர்த்த பணத்தில் வாங்குங்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வருபவர்களில் யாரும் "பேஸ் அருமை" என்று சொல்லாமல் போகலாம். அன்று பின்வரிசை வரைக்கும் எல்லோரும் வாய்விட்டுப் பாடினார்களா என்று மட்டும் கவனியுங்கள். பாடியிருந்தால், உங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.