பன்னிரண்டு எண்களும் ஒரு கடலைப் பொட்டலமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையில் நடந்து களைத்த நான் வறுகடலை வாங்கித் தின்றேன். கடலை தீர்ந்ததும் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்மணியின் ஆதார் அட்டை நகல்! பெயர், பிறந்த நாள், முகவரி, முகம், பன்னிரண்டு எண்கள் அத்தனையும் தெளிவாக இருந்தன. எங்கோ நம்பிக் கொடுத்த நகல், எடைக்குப் போட்ட காகிதத்தோடு வந்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக்கு, உதவித்தொகைக்கு என நானும் எத்தனையோ நகல்கள் கொடுத்திருக்கிறேன். அவை எந்தப் பொட்டலத்தில் இருக்கின்றனவோ!

அடையாளம் கேட்பது தவறன்று. உதவித்தொகை இடைத்தரகரின்றி என் வங்கிக் கணக்கில் சேர்வதற்கு அந்த எண் துணை செய்கிறது. ஆனால் அரசு நம்மை எந்த அளவுக்கு அறியலாம் என்பதே வினா.

இவ்வினா பழையது. உத்தரப் பிரதேசத்தில் கரக்சிங் என்பவர் கொள்ளை வழக்கில் சாட்சியமின்றி விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவலர்கள் அவரைக் கண்காணித்து, நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டினர். இரவில் வீடு தேடி வருவது செல்லாது என்று 1962-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றும் கூறியது.

ஆதார் வழங்கல் 2010-இல் தொடங்கியது. பத்து விரல்களின் ரேகை, இரு கருவிழிகள், முகப்படம் ஆகியவை பதிவாகின்றன. இதை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012-இல் வழக்குத் தொடுத்தார். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். 2018 செப்டம்பரில் ஐவர் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அரசு உதவிகளுக்கு ஆதார் கேட்கலாம் என்றது; வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் கட்டாயமாக்கியதை நீக்கியது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க அதில் இடமுண்டு. அங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். கைரேகையை மாற்ற முடியுமா? களை பறித்துத் தேய்ந்தவை என் அம்மாவின் விரல்கள். ரேகை பதியாமல் ஒருநாள் அரிசியின்றித் திரும்பி வந்தார். "நான் நான்தான்னு அந்த மெசினுக்குத் தெரியலப்பா" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

நண்பர்களே, நம்மால் ஆவதைச் செய்வோம். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆணையத்தின் இணையதளத்தில் பெறலாம். கைரேகையைப் பூட்டியும் வைக்கலாம். நகல் கொடுத்தால் எதற்காக, எந்த நாளில் என்று அதன் மேலேயே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். நாம் படித்ததன் பயன் அதுவே.

அன்றிரவு அந்தக் காகிதத்தை, ஓர் எண்ணும் கூடாதபடி சுக்குநூறாகக் கிழித்தேன். முன்பின் அறியாத அந்தச் சகோதரிக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவே.