விமானச் சீட்டு விற்கும் சிறு கடைகள்: விலையா, வாக்கா?

லண்டனின் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி போன்ற பகுதிகளிலும், பாரிஸின் லா ஷப்பல் பகுதியிலும், கனடாவின் ஸ்காபரோவிலும் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்களில், பலசரக்குக் கடைக்கும் நகைக் கடைக்கும் இடையே பயண முகவர் நிலையங்களின் பெயர்ப்பலகைகளையும் காணலாம். தமிழ் வானொலிகளில் ஒலிக்கும் விளம்பரங்களிலும், ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்கப்படும் நாட்காட்டிகளிலும் இவர்களுக்குத் தனி இடம் உண்டு.

ஆனால், கையில் ஒரு தொலைபேசி இருந்தாலே உலகின் எந்த மூலைக்கும் விமானச் சீட்டு வாங்கிவிடலாம் என்ற நிலை வந்து நீண்ட காலமாகிவிட்டது. அப்படியிருக்க, இந்தச் சிறிய கடைகளுக்கு மக்கள் இன்னமும் செல்வது ஏன்? செல்வதை நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? இந்தக் கேள்விகளுக்கான விடை பயண முகவர்களுக்கு மட்டும் உரியதல்ல. கணக்காளர், வாகனம் பழுதுபார்ப்பவர், திருமணப் புகைப்படக்காரர் என்று சேவையை விற்றுப் பிழைக்கும் எல்லாச் சிறு தொழில்முனைவோருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

மறைந்துபோன தரகுப்பணம்

ஒரு காலத்தில் பயண முகவர்களின் வருமானம் பெரும்பாலும் விமான நிறுவனங்களிடமிருந்தே வந்தது. அமெரிக்காவில் சீட்டு விலையில் சுமார் 10 சதவீதம் தரகுப்பணமாகக் கிடைத்தது. 1995 ஆம் ஆண்டில் டெல்டா விமான நிறுவனம், உள்நாட்டு இருவழிப் பயணத்துக்கு அதிகபட்சம் 50 டாலர்தான் என்று உச்சவரம்பு விதித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. 2002 ஆம் ஆண்டில் அங்கு அடிப்படைத் தரகுப்பணம் அனேகமாக முற்றாகவே நிறுத்தப்பட்டது. வேறு பல நாடுகளிலும் அது படிப்படியாகக் குறைந்தது.

இதே காலகட்டத்தில்தான் இணையம் வழியான விற்பனையும் வளர்ந்தது. 1996 ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பீடியாவைத் தொடங்கியது. அதுவரை முகவரின் கணினித் திரையில் மட்டுமே தெரிந்த விலைகளும் காலி இருக்கைகளும் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன.

இந்த மாற்றம் வருமானத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. முகவர் யாருக்காக உழைக்கிறார் என்பதையே அது மாற்றியது. விமான நிறுவனம் பணம் கொடுத்தவரை, முகவர் அந்த நிறுவனத்தின் விற்பனையாளர். சேவைக் கட்டணமாகவோ விலையில் சேர்க்கப்படும் சிறு இலாபமாகவோ பயணியே பணம் கொடுக்கும்போது, அவர் பயணியின் பணியாளராகிறார். இதை உணர்ந்து தொழிலை மாற்றிக்கொண்டவர்களுக்கே நிலைத்து நிற்கும் வாய்ப்பு இருந்தது எனலாம்.

விளம்பரம் உயர்த்தும் எதிர்பார்ப்பு

சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் விடைகளில் ஒன்றைத் தந்தவர்கள் மூன்று பேராசிரியர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று அமெரிக்காவில் பேராசிரியரான ஏ. பரசுராமன், வலரி ஸைத்தம்ல், லெனர்ட் பெரி ஆகியோரே அவர்கள். 1985 ஆம் ஆண்டில் வெளியான அவர்களின் ஆய்வு வங்கி, கடன் அட்டை, பங்குத் தரகு, பழுதுபார்ப்பு ஆகிய துறைகளை ஆராய்ந்தது.

வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும், தமக்குக் கிடைத்ததாக அவர் உணர்வதற்கும் இடையிலுள்ள இடைவெளியே சேவையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர்களின் முடிவு. 1988 ஆம் ஆண்டில் அவர்கள் இதற்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தனர். கண்ணுக்குத் தெரியும் வசதிகள், சொன்னபடி செய்தல், விரைந்து உதவுதல், நம்பிக்கையூட்டும் அறிவு, தனிப்பட்ட அக்கறை என்பனவே அவை. இவற்றில் சொன்னபடி செய்தலையே வாடிக்கையாளர்கள் மிக முக்கியமாகக் கருதுகிறார்கள் என்பதும் தெரியவந்தது.

இதிலிருந்து விளம்பரத்துக்கும் ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. விளம்பரம் எதிர்பார்ப்பை உயர்த்துகிறது. உயர்ந்த எதிர்பார்ப்பைச் சேவை எட்டாவிட்டால், அந்த விளம்பரமே அதிருப்திக்குக் காரணமாகிவிடுகிறது. குறைந்த விலையைப் பெரிய எழுத்தில் போட்டு வாடிக்கையாளரை வரவழைத்துவிட்டு, பயணப் பொதிக்குத் தனிக் கட்டணம் என்பதைப் பணம் வாங்கும்போது சொல்லும் முகவர், ஒரு சீட்டை விற்று ஒரு குடும்பத்தை இழக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டு விதிமுறை, தவிர்க்க முடியாத வரிகளையும் கட்டணங்களையும் உள்ளடக்கிய இறுதி விலையையே காட்ட வேண்டும் என்று கூறுகிறது. இந்தச் சட்டம் கேட்பது நல்ல வணிகர் தாமாகவே செய்யக்கூடியதைத்தான்.

பயண முகவருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கலும் இருக்கிறது. விமானமும் இருக்கையும் அவருக்குச் சொந்தமானவை அல்ல. விமானம் தாமதமாவதையும் உணவு சரியில்லாமல் போவதையும் அவரால் தடுக்க முடியாது. அவருடையது என்று சொல்லக்கூடியது அவர் கொடுக்கும் வாக்கு ஒன்றுதான்.

திரையில் தெரியாத விவரங்கள்

விலையில் இணையத்துடன் போட்டியிடுவது சிறிய முகவருக்குக் கடினம். ஆனால், தன் வாடிக்கையாளரை அறிந்திருப்பதில் அவருக்கு இணையானவர் இல்லை.

பெயர் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். இந்தியக் கடவுச்சீட்டுகள் சிலவற்றில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கும். விமான நிறுவனங்களின் பதிவு முறையோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்கள் சுற்றுலா போன்ற குறுகிய கால விசாக்களில் வர அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பயணிகள் பலருக்கு இது நேரடிப் பிரச்சினையானது.

இடைவழி விமான நிலையமும் அப்படித்தான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஷெங்கன் நாடு ஒன்றில் விமானம் மாறிச் செல்வதற்கே இடைமாற்று விசா தேவைப்படுகிறது. வேறு சில நாடுகளின் விசா உள்ளவர்கள் போன்றோருக்கு இதில் விலக்கு உண்டு.

2019 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சேவை தொடங்கியது. லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு சீட்டும் தனித்தனியாக வாங்குவது மலிவாகத் தோன்றலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது சீட்டுக்கு முதல் நிறுவனம் பொறுப்பேற்காது. பொதிகளை வெளியே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தால், இந்திய விசாவும் தேவைப்படும்.

வயதான தாயார் தனியாகப் பயணம் செய்யும்போது சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி 48 மணி நேரத்துக்கு முன்னர் தெரிவித்தால், அந்த உதவியை வழங்குவது கட்டாயம். கேட்காமலே இதை நினைவூட்டும் முகவரை அந்தக் குடும்பம் எளிதில் மறப்பதில்லை. அந்தக் குடும்பம் பத்துப் பேரிடம் அதைச் சொல்லும். வானொலி விளம்பரத்தால் வாங்க முடியாதது அது.

பழைய வாடிக்கையாளரைத் தக்கவைப்பது கணக்கு வழக்கிலும் பயன் தருவது. அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிரெடரிக் ரைக்கெல்ட், ஏர்ல் சாஸர் ஆகியோர் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், விலகிச் செல்லும் வாடிக்கையாளர்களை 5 சதவீதம் குறைத்தால், தாங்கள் ஆராய்ந்த துறைகளில் இலாபம் 25 முதல் 85 சதவீதம்வரை உயரும் என்று மதிப்பிட்டார்கள்.

பயணம் தடைப்படும்போது

ஒரு முகவரின் உண்மையான மதிப்பு, எல்லாம் சரியாக நடக்கும்போது தெரிவதில்லை. 2001 ஜூலை 24 ஆம் தேதி கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோதும், 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்பரப்பு சுமார் ஆறு நாட்கள் முடங்கியபோதும், 2015 டிசம்பரில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டபோதும், பயணிகள் தேடியது ஒன்றைத்தான்: தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லும் ஒரு மனிதர்.

2020 ஆம் ஆண்டின் கொரோனா பெருந்தொற்று இதன் மறுபக்கத்தையும் காட்டியது. முகவர் மூலம் வாங்கிய சீட்டு ரத்தானால், விமான நிறுவனம் வழக்கமாகப் பணத்தை முகவருக்கே திருப்பி அனுப்பும். பயணி விமான நிறுவனத்தைக் கேட்டால் முகவரிடம் போகச் சொல்வார்கள். முகவரைக் கேட்டால் விமான நிறுவனம் இன்னும் அனுப்பவில்லை என்பார். இந்த இழுபறியில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

பிரச்சினை நேர்ந்த பின்னர் அது நன்றாகத் தீர்த்துவைக்கப்பட்டால், வாடிக்கையாளரின் திருப்தி முன்பிருந்ததைவிடக் கூடுவதுண்டு என்று 1990களிலேயே ஆய்வாளர்கள் கூறினர். ஆனால், இது எப்போதும் நடப்பதில்லை. 2007 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, பாதிப்பு கடுமையாக இல்லாதபோதும், முதல் தடவை நிகழும்போதும், அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று வாடிக்கையாளர் கருதும்போதும்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். விமானம் ரத்தாவது முகவரின் தவறல்ல என்பதைப் பயணி புரிந்துகொள்வார். ஆனால், தொலைபேசியை எடுக்காமல் இருப்பது முகவரின் தவறுதான்.

ஊர்க்காரர் என்ற நம்பிக்கை

புலம்பெயர்ந்த சமூகங்களில் சிறு வணிகத்தின் முதல் மூலதனம் ஊர்ப்பாசம். தெரிந்தவர், ஊர்க்காரர், கோவிலில் சந்திப்பவர் என்ற நம்பிக்கையில் பற்றுச்சீட்டுகூட இல்லாமல் ரொக்கம் கைமாறுவதுண்டு. இந்த நம்பிக்கை இருதரப்புக்கும் உதவுகிறது. அதேநேரம், அது இருதரப்புக்கும் ஆபத்தானதாகவும் ஆகக்கூடும்.

பிரிட்டனில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் அட்டோல் என்ற திட்டம், விடுமுறைப் பயணத் தொகுப்புகளையும் சிலவகை விமானச் சீட்டுகளையும் பாதுகாக்கிறது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தபோது சுமார் ஒன்றரை லட்சம் பயணிகளைத் தாயகம் சேர்த்ததும் இதே ஆணையம்தான். ஆனால், பணம் பெற்றவுடனேயே செல்லுபடியாகும் சீட்டை வழங்கும் முகவருக்கு இந்த உரிமம் தேவைப்படுவதில்லை. எனவே, பணம் கொடுத்தும் கையில் சீட்டும் இல்லை, அட்டோல் சான்றிதழும் இல்லை என்ற இடைவெளியில்தான் பயணி முற்றிலும் பாதுகாப்பற்றவராகிறார்.

கனடாவின் ஒன்டாரியோவில் பதிவுபெற்ற முகவர்கள் மூலம் வாங்கும் பயணங்களுக்கு இழப்பீட்டு நிதி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலோ பயண முகவர்களுக்கான கட்டாய உரிம முறை 2014 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அங்கு இருப்பது தொழில்துறையே நடத்தும், விரும்பியோர் சேரும் அங்கீகார முறைதான்.

பற்றுச்சீட்டையும் உரிம விவரத்தையும் கேட்பது அவமதிப்பு என்று எண்ணி வாடிக்கையாளர்கள் தயங்குவதுண்டு. நேர்மையான முகவர் அவற்றைக் கேட்பதற்கு முன்னரே தருவார். சந்தைப்படுத்தலில் இதைவிடச் செலவு குறைந்த வழி வேறில்லை.

வாய்மொழியிலிருந்து நட்சத்திரங்களுக்கு

முன்பு ஒரு முகவரின் நற்பெயர் கோவில் வாசலிலும் கலியாண வீட்டிலும் பரவியது. இப்போது அது இணையத்தில் நட்சத்திரங்களாக எண்ணப்படுகிறது. ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் அதிகரிக்கிறது என்று கண்டறிந்தார். இந்த விளைவு தனித்து இயங்கும் உணவகங்களில் மட்டுமே காணப்பட்டது. பல கிளைகள் கொண்ட பெருநிறுவனங்களில் காணப்படவில்லை. பிரபலமான பெயர் இல்லாதவருக்கே மற்றவரின் சாட்சியம் அதிகம் உதவுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

உறவினர்களைக் கொண்டு புகழுரை எழுதச் செய்யும் குறுக்குவழி இப்போது சட்டச் சிக்கலையும் தரும். பிரிட்டனில் 2024 ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் கீழ், போலி விமர்சனங்கள் 2025 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. மீறும் நிறுவனத்துக்கு அதன் உலகளாவிய விற்பனை வருவாயில் 10 சதவீதம்வரை அபராதம் விதிக்கப்படலாம்.

அடுத்த தலைமுறை வருமா?

ஊர்ப்பாசத்தை மட்டும் நம்பியிருக்கும் கடைகளுக்கு இனிமேல்தான் சோதனை. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முகவர் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டல்ல. அவர்கள் விலையை ஒப்பிடுவார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் சண்டை பிடிக்காமல் விலகிவிடுவார்கள். முறையிடும் வாடிக்கையாளரைவிட, சொல்லாமல் போகும் வாடிக்கையாளரே பெரிய இழப்பு.

ஆனால் அதே பிள்ளைகள், தனியாக யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ செல்லும் தங்கள் பாட்டிக்குச் சீட்டு எடுக்கும்போது, திரையில் கிடைக்காத ஒன்றைத் தேடுகிறார்கள். இடைவழி விமான நிலையத்தில் அவர் தடுமாறினால் யாரை அழைப்பது என்பதுதான் அவர்களின் கவலை. அந்த அழைப்பை எடுக்கும் முகவர் இருக்கும்வரை, தெருமுனையில் அந்தப் பெயர்ப்பலகைக்கும் இடம் இருக்கும்.